புதிதாகப் போட்ட இயங்குதளத்தில் திரை சரியாக வரவில்லையா? ரெசல்யூஷன் கோளாறைத் தீர்க்கும் முழுமையான வழிகாட்டி

இயங்குதளத்தை நிறுவி முடித்தாயிற்று. முதல் தடவையாக டெஸ்க்டாப் தெரிகிறது. ஐகான்கள் உப்பிப்போய்க் கிடக்கின்றன. எழுத்தெல்லாம் கண்ணாடி போடாமல் பார்ப்பதுபோல மங்கல். வட்டமாக இருக்க வேண்டிய படம் முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்தால் ரெசல்யூஷன் (திரையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, என்ற கணக்கு) பட்டியலில் 1024×768 மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சில கணினிகளில் அதையும் தொட முடியாதபடி சாம்பல் நிறத்தில் முடக்கி வைத்திருக்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது, 1920×1080-ஐ வலுக்கட்டாயமாகப் போட ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடுவது. நானும் நெடுநாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருக்கிறேன். ஏனென்றால் அந்தப் பட்டியலை இயங்குதளம் தன் இஷ்டத்துக்கு எழுதுவதில்லை. "என்னால் இதெல்லாம் காட்ட முடியும்" என்று மானிட்டர் சொல்ல வேண்டும். "என்னால் இதெல்லாம் அனுப்ப முடியும்" என்று கிராபிக்ஸ் டிரைவர், அதாவது படம் வரையும் கார்டை இயக்கும் மென்பொருள், சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதுதான் பட்டியலில் வரும். பட்டியல் குட்டையாக இருந்தால் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். யார் என்று கண்டுபிடித்துவிட்டால் எண் தானாக வந்து சேரும்.

மானிட்டர் எப்படிப் பேசுகிறது

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் சின்ன நினைவகம் ஒன்று இருக்கிறது. அதில் அந்த மானிட்டரின் ஜாதகம் எழுதப்பட்டிருக்கும்: தயாரிப்பாளர் யார், மாடல் என்ன, திரையின் நீள அகலம் எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்த ரெசல்யூஷனை எத்தனை ஹெர்ட்ஸில் (ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) காட்டும் என்பதெல்லாம். இதற்கு ஈடிஐடி என்று பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். கேபிளுக்குள் படம் போகும் கம்பிகளோடு கூடவே ஓடும் மெல்லிய கம்பிகள் வழியாகக் கணினி இதைப் படிக்கிறது.

இது படிக்கப்படாவிட்டால், மானிட்டருக்கு என்ன தாங்கும் என்று தெரியாமல் இயங்குதளம் 640×480, 800×600, 1024×768 போன்ற பாதுகாப்பான அளவுகளுக்குள் சுருண்டுகொள்ளும். இது முதல் வகைக் கோளாறு. இதில் பட்டியல் இருக்கும், ஆனால் பெரிய அளவுகள் இருக்காது. மானிட்டரின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஜெனரிக்' என்றோ 'அன்னோன்' என்றோ வரும்.

இரண்டாவது வகையில் மானிட்டர் ஒழுங்காகத்தான் பேசுகிறது. கேட்க டிரைவர் இல்லை. அப்போது, கணினி துவங்கும்போது மதர்போர்டின் யூஇஎஃப்ஐ (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் துவக்க மென்பொருள்) எந்த அளவில் திரையை அமைத்துக் கொடுத்ததோ அதே அளவில் இயங்குதளம் ஓடும். மாற்ற வழியில்லாததால் பட்டியல் முடங்கிக் கிடக்கும். இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு: யூஇஎஃப்ஐ சில சமயம் சரியான 1920×1080-ஐயே அமைத்துக் கொடுத்துவிடும். திரை கூர்மையாக இருக்கும், "எல்லாம் சரி" என்று நினைத்துக்கொள்வோம். பிறகு வீடியோ தடுமாறும், ஜன்னலை இழுத்தால் பின்னாலேயே தேய்ந்துகொண்டு வரும், இரண்டாவது மானிட்டர் தெரியவே தெரியாது. டிரைவர் இல்லாத கணினிதான் அதுவும்.

ஆக, வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் மானிட்டரின் இயல்பு ரெசல்யூஷன். பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடலாம். எல்சிடி திரையில் பிக்சல்கள் எண்ணி வைத்த கட்டங்கள். அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தாத எந்த அளவைக் கொடுத்தாலும் மானிட்டர் அதை இழுத்துப் பரப்பித்தான் காட்டும், மங்கல் வரத்தான் செய்யும். இரண்டு, மானிட்டருக்கு இப்போது உண்மையில் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது. மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் வரும் அதன் சொந்த மெனுவில் 'இன்ஃபர்மேஷன்' போன்ற ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். உள்ளே வரும் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் அங்கே தெரியும். இயங்குதளம் சொல்வதைவிட இந்த மெனு சொல்வதை நான் நம்புவேன்.

மென்பொருளைத் தொடும் முன்: கேபிள், துளை, இடையில் உள்ளவை

ஒரு தடவை, புதிதாகப் போட்ட கணினியில் 1024×768-க்கு மேல் போகாமல் அரை நாள் போராடினேன். டிரைவரை நீக்கினேன், போட்டேன், பழைய பதிப்பைப் போட்டேன், கடைசியில் இயங்குதளத்தையே மறுபடி நிறுவினேன். அப்புறம்தான் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். விஜிஏ கேபிளின் முனையில் ஒரு ஊசி வளைந்து உள்ளே அமுங்கியிருந்தது. விஜிஏவில் 12-ஆம், 15-ஆம் ஊசிகள்தான் மானிட்டரின் ஜாதகத்தைச் சுமக்கின்றன. அவை போனாலும் படம் வரும், நிறம் வரும், எல்லாம் வரும். மானிட்டர் யாரென்று மட்டும் கணினிக்குத் தெரியாது. மலிவான சில கேபிள்களில் இந்தக் கம்பிகளைப் போடாமலே விட்டுவிடுவதும் உண்டு.

அதனால் கேபிளைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள், வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருக்கும்போது விஜிஏவைப் பயன்படுத்தவே வேண்டாம்.

அடுத்து, எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினியின் பின்புறம் இரண்டு இடங்களில் திரைத் துளைகள் இருக்கும். யூஎஸ்பி, ஒலி, நெட்வொர்க் துளைகளோடு சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டுடையவை. அதற்குக் கீழே தனி வரிசையாக இருப்பவைதான் கார்டுடையவை. மானிட்டர் அங்கேதான் செருகப்பட வேண்டும். மேலே செருகினால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான் வேலை செய்யும். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதுவும் இருக்காது.

மானிட்டருக்கும் கணினிக்கும் நடுவில் வேறு ஏதாவது இருக்கிறதா? ஒரே விசைப்பலகையில் இரண்டு கணினியை இயக்கும் கேவிஎம் சுவிட்ச், ஸ்பிளிட்டர், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டர், யூஎஸ்பி-சி டாக் என்று எது இருந்தாலும் அதைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். இவற்றில் சில, மானிட்டரின் ஜாதகத்தைக் கடத்தாமல் தங்களுடைய சொந்த ஜாதகம் ஒன்றைக் கொடுத்துவிடும்.

கேபிளுக்கும் துளைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஒற்றை இணைப்பு டிவிஐ, 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரை. இரட்டை இணைப்பு டிவிஐ என்றால் 2560×1600. எச்டிஎம்ஐ 1.4, 4கே (3840×2160) படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். 4கே மானிட்டரில் சுட்டி வழுக்கிக்கொண்டு, விட்டு விட்டு நகர்வதுபோல் தோன்றினால், ரெசல்யூஷனைவிட இந்த 30 ஹெர்ட்ஸ்மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தால், கணினியை அணைத்து, மானிட்டரின் மின்கம்பியையும் அரை நிமிடம் பிடுங்கி வைத்து, மானிட்டரை முதலில் போட்டுவிட்டுக் கணினியைத் துவக்குங்கள். அற்பமான வேலைதான். ஆனால் மானிட்டரே குழம்பிக் கிடக்கும் சந்தர்ப்பங்களில் இதுவே போதும்.

பழி கேபிளுடையதா டிரைவருடையதா என்று தீர்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு லினக்ஸை யூஎஸ்பியில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே துவக்கிப் பாருங்கள். அங்கே ரெசல்யூஷன் சரியாக வந்தால் கேபிள், மானிட்டர், கார்டு மூன்றும் நலம். நீங்கள் நிறுவிய இயங்குதளத்தில்தான் வேலை பாக்கி. அங்கேயும் குட்டையாக வந்தால் மறுபடி கேபிள் பக்கம் போங்கள்.

விண்டோஸில்

முதலில் ஒன்றும் செய்யாமல் இருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. புதிய விண்டோஸ் இணையத்தில் இணைந்ததும் பின்னணியில் டிரைவர்களைத் தேடி இறக்கும். திடீரென்று திரை ஒருமுறை கறுத்து, மறுபடி வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். அதற்குள் அவசரப்பட்டு வேறொரு டிரைவரை நிறுவத் தொடங்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். வைஃபை டிரைவரும் இல்லையென்றால், கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டு இணையம் கொடுக்கலாம்.

காத்திருந்தும் வரவில்லை என்றால்:

1. விண்டோஸ் விசையோடு 'எக்ஸ்' விசையை அழுத்தி, வரும் மெனுவில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள்.
2. அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் இல்லை. கார்டின் பெயர் இருந்து மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் வந்தும் ஓடவில்லை. பெயர் சுத்தமாக இருந்தால் டிரைவர் நலம். கேபிள் பகுதிக்குத் திரும்புங்கள்.
3. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று போங்கள். டிரைவர்கள் பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தேர்ந்தெடுத்து இறக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதிலும் கிடைக்கவில்லையா? கார்டு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடாப்டரின்மேல் வலது சொடுக்கி 'பிராபர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' தாவல், பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்று போனால் நீளமான ஒரு வரி வரும். அதில் 'வென்' என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் 8086 என்றிருந்தால் இன்டெல், 1002 என்றிருந்தால் ஏஎம்டி, 10டிஇ என்றிருந்தால் என்விடியா. மேசைக் கணினி என்றால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். மடிக்கணினி என்றால் முதலில் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளம். இரண்டு கிராபிக்ஸ் சேர்ந்து ஓடும் மாடல்களில் அவர்கள் தரும் பதிப்புக்கென்று தனித் திருத்தங்கள் இருக்கக்கூடும்.

"உங்கள் எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். புதிதாகப் போட்ட இயங்குதளத்தில் முதல் நாளே குப்பையைக் கொட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மஞ்சள் முக்கோணம் பிடிவாதமாக நின்றால், பழைய டிரைவரின் மிச்சங்கள் குறுக்கே நிற்கலாம். புதிதாக நிறுவாமல் பழைய விண்டோஸின் மேலேயே அப்கிரேடு செய்தவர்களுக்கு இது வரும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் துவங்கும் நிலை) ஓட்டிச் சுத்தமாக நீக்கிவிட்டு, மறுபடி டிரைவரைப் போடுங்கள். அந்த நேரத்தில் இணையத்தைத் துண்டித்து வைப்பது நல்லது. இல்லையென்றால் நீங்கள் ஒன்றை நீக்க, விண்டோஸ் அப்டேட் பின்னாலேயே இன்னொன்றைப் போடும்.

டிரைவரும் சரி, கேபிளும் சரி, ஆனாலும் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் திரை குறுகுகிறதா? 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, 'பூட்' தாவலில் 'பேஸ் வீடியோ' பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ ஒரு சோதனைக்காகப் போட்டுவிட்டு மறந்த டிக், கார்டின் டிரைவரை ஒதுக்கி வைத்துவிடும்.

எல்லாம் ஒழுங்கான பிறகு டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். 'ரெகமெண்டட்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும் ரெசல்யூஷனே உங்கள் மானிட்டரின் இயல்பு அளவு. அதே பக்கத்தில் கீழே 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யில், டெஸ்க்டாப் ரெசல்யூஷனும் மானிட்டருக்குப் போகும் சிக்னலின் ரெசல்யூஷனும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் கார்டு நடுவில் இழுத்துப் பரப்புகிறது. மங்கலுக்கு அதுவே காரணம்.

லினக்ஸில்

லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம், செட்டிங்ஸில் கணினியைப் பற்றிய 'அபவுட்' பக்கம். கிராபிக்ஸ் என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் இருக்கிறதா, அல்லது 'எல்எல்விஎம்பைப்' என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால், கார்டு சும்மா இருக்க, படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸர் தலையில் கட்டியிருக்கிறது என்று பொருள்.

அதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு, பலருக்குத் தோன்றாது. நிறுவும்போது திரை கறுத்துப்போனதால் 'சேஃப் கிராபிக்ஸ்' என்ற தேர்வைப் போட்டு நிறுவியிருப்பீர்கள். அந்தத் தேர்வு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைக் கொடுக்கிறது. கிராபிக்ஸ் டிரைவர் திரையின் அளவை அமைக்கக் கூடாது என்பது அதன் உத்தரவு. நிறுவி முடித்த பிறகும் அந்தச் சொல் துவக்க அமைப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இனி எத்தனை டிரைவர் போட்டாலும் எதுவும் எழாது.

சோதிப்பது எளிது. கணினியைத் துவக்கி, கிரப் மெனுவில், அதாவது எதைத் துவக்குவது என்று கேட்கும் மெனுவில், நிறுத்துங்கள் (மெனு வராவிட்டால் துவங்கும்போது எஸ்கேப் விசை, சில கணினிகளில் ஷிஃப்ட் விசை). முதல் வரியின்மேல் நின்று 'இ' விசையை அழுத்துங்கள். வரும் பக்கத்தில் 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியில் அந்த நோமோட்செட்டைத் தேடி அழித்துவிட்டு, எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான், எதுவும் கெடாது. திரை சரியாக வந்துவிட்டால் நிரந்தரமாக நீக்கலாம்: 'ஈடிசி' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' கோப்புறை, அதற்குள் 'கிரப்' என்ற கோப்பு. நிர்வாக உரிமையோடு திறந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். டெபியன், உபுண்டு, மின்ட் போன்றவற்றில் அதற்குப் பிறகு 'அப்டேட்-கிரப்' கட்டளையை, நிர்வாக உரிமை தரும் சூடோவோடு ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் கோப்பு மாறியிருக்கும், துவக்கம் மாறியிருக்காது.

இதே தந்திரம் தலைகீழாகவும் உதவும். நிறுவிய பிறகு கறுப்புத் திரைதான் வருகிறது என்றால், அதே பக்கத்தில் அதே வரியின் கடைசியில் நோமோட்செட்டைச் சேர்த்துத் துவக்குங்கள். குறைந்த ரெசல்யூஷனிலாவது உள்ளே நுழைந்து டிரைவரைப் போட்டுவிடலாம். வேலை முடிந்ததும் நீக்க மறக்காதீர்கள்.

இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக இறக்க எதுவும் இல்லை. அவற்றில் சிக்கல் வந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, கார்டு புதியது, கெர்னல் பழையது. முழு அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள், அல்லது அதே வெளியீட்டுக்குப் புதிய கெர்னல் தரப்படுகிறதா என்று பாருங்கள். மற்றொன்று, கார்டுக்குத் தேவையான ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்புகள் இல்லாதது. டெபியனில் பழைய நிறுவிகள் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைச் சேர்க்காமலே வந்தன. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ந்தது. பழைய நிறுவியில் போட்ட ஏஎம்டி கணினி 1024×768-இல் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவே போதும்.

என்விடியா தனிக் கதை. கெர்னலோடு வரும் 'நூவோ' டிரைவர் பல கார்டுகளில் ரெசல்யூஷன் வரைக்கும் ஒப்பேற்றிவிடும், புதிய கார்டுகளில் தடுமாறும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் டிரைவர்களுக்கென்றே ஒரு ஜன்னல் இருக்கிறது. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்'. 'ரெகமெண்டட்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து நிறுவ வேண்டும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது உடைந்து போக வாய்ப்பு அதிகம்.

நிறுவியும் வேலை செய்யவில்லை என்றால், கையொப்பம் இல்லாத மென்பொருளைத் துவக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் பக்கம் பாருங்கள். அது இயங்கும் கணினியில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் செய்ததும் நீல நிறத் திரை ஒன்று வந்து நிற்கும்; அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவருக்கு உள்ளே அனுமதி. கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த நீலத் திரை தானாகப் போய்விடும். டீ குடிக்கப் போன நேரத்தில் போய்விட்டது என்றால், டிரைவரை நீக்கி மறுபடி நிறுவி, இந்த முறை திரைக்கு முன்னாலேயே உட்காருங்கள்.

உள்ளே நுழைந்ததும் சரியாக இருக்கிறது, ஆனால் உள்நுழைவுத் திரை மட்டும் பெரிதாகவோ பக்கவாட்டிலோ தெரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். உங்கள் கணக்கின் திரை அமைப்பு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் உள்ள 'கான்ஃபிக்' என்ற மறைந்த கோப்புறையில் 'மானிட்டர்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம், தனிக் கணக்கில் ஓடுவதால் அதைப் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பை ஜிடிஎம் கணக்கின் கோப்புறைக்கு நகல் எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

மெய்நிகர் கணினிக்குள் நிறுவியிருந்தால்

மெய்நிகர் கணினி என்பது உங்கள் கணினிக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு கணினி. இங்கே உண்மையான மானிட்டரும் இல்லை, கார்டும் இல்லை. ஜன்னலின் அளவை உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குச் சொல்ல ஒரு தூதர் வேண்டும், அவ்வளவுதான். விர்ச்சுவல்பாக்ஸில் அது 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. 'டிவைசஸ்' மெனுவில் அதன் சிடியைச் செருகி, உள்ளே நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு 'வியூ' மெனுவில் தானாக அளவு மாறும் தேர்வைப் போடுங்கள். அமைப்புகளில் வீடியோ நினைவகத்தை 128 எம்பிக்கு ஏற்றிவிடுங்கள். கிராபிக்ஸ் கன்ட்ரோலர், உள்ளே லினக்ஸ் என்றால் விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் என்றால் விபாக்ஸ்எஸ்விஜிஏ. விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ், லினக்ஸ் என்றால் ஓப்பன் விஎம் டூல்ஸின் டெஸ்க்டாப் தொகுப்பு. கேவிஎம் (முன்பு சொன்ன சுவிட்ச் அல்ல, லினக்ஸில் மெய்நிகர் கணினியை ஓட்டும் வசதி) பயன்படுத்துவோருக்கு ஸ்பைஸ் விடி ஏஜென்ட்.

ரெசல்யூஷன் சரி, ஆனாலும் கண்ணுக்குச் சரியில்லை

எண் பொருந்திய பிறகு வரும் புகார்கள் வேறு ஜாதி. 27 அங்குல 4கே மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 163 பிக்சல். 24 அங்குல 1920×1080 மானிட்டரில் 92 மட்டுமே. அதனால் முன்னதில் எழுத்து எறும்பு அளவில் தெரியும். உடனே ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கூர்மையைத் தூக்கி எறிவது அது. ரெசல்யூஷனை இயல்பு அளவிலேயே விட்டுவிட்டு, 'ஸ்கேல்' என்ற தேர்வை 125 அல்லது 150 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். க்னோமில் இடைப்பட்ட சதவீதங்கள் தெரியாவிட்டால் 'ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்' என்பதை இயக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேல் ஏற்றிய பிறகு ஒரே ஒரு நிரல் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், குறை அந்த நிரலுடையது. விண்டோஸில் அதன் ஐகானை வலது சொடுக்கி 'பிராபர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், ஸ்கேலிங்கை நிரலே பார்த்துக்கொள்ளும்படி மாற்றிப் பாருங்கள்.

தொலைக்காட்சியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்பட்டு, டாஸ்க்பார் பாதி மறைந்திருக்கும். தொலைக்காட்சி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை, அதுதான் காரணம். கணினியில் சரிசெய்யக் கூடாது. தொலைக்காட்சியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' போன்ற பெயர்களில் இருக்கும் தேர்வைப் போடுங்கள். கணினி செருகிய துளைக்கு 'பிசி' என்று பெயரிட முடிந்தால் அதையும் செய்யுங்கள். பல மாடல்களில் எழுத்தைச் சுற்றியுள்ள நிறக்கசிவும் அதோடு போய்விடும்.

கடைசி ஆயுதம்: நாமே அளவைத் திணிப்பது

கேபிளை மாற்ற வழியில்லை, மானிட்டரின் ஜாதகமே கெட்டுவிட்டது, அல்லது கழற்ற முடியாத ஒரு பழைய சுவிட்ச் நடுவில் இருக்கிறது. அப்போது மட்டும் இது.

விண்டோஸில் என்விடியா கன்ட்ரோல் பேனலின் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'கஸ்டமைஸ்' பொத்தானும், ஏஎம்டி, இன்டெல் மென்பொருள்களில் 'கஸ்டம் ரெசல்யூஷன்' தேர்வும் இருக்கின்றன. அகலம், உயரம், 60 ஹெர்ட்ஸ் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். படம் வராவிட்டால் பதறி எதையும் அழுத்தாதீர்கள். உறுதி செய்யாத மாற்றத்தை அது தானாகவே பழையபடி திருப்பிவிடும். திரும்பியும் திரை கறுப்பாகவே நின்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு 'பி' விசையை அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் துவங்கும்.

லினக்ஸில் முதலில் நீங்கள் எக்ஸ்11-இல் இருக்கிறீர்களா, வேலண்டிலா என்று பாருங்கள் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் இரண்டு முறைகள் இவை). அதே 'அபவுட்' பக்கத்தில் இருக்கும். எக்ஸ்11 என்றால் 'சிவிடி' என்ற கட்டளைக்கு அகலம், உயரம், ஹெர்ட்ஸ் கொடுத்தால் 'மோட்லைன்' என்ற ஒரு வரியைக் கணக்கிட்டுத் தரும். அந்த வரியை 'எக்ஸ்ராண்டர்' கட்டளையில் மூன்று படியாகக் கொடுக்க வேண்டும்: புதிய அளவாகப் பதிவு செய்தல், குறிப்பிட்ட துளைக்கு அதைச் சேர்த்தல், அந்தத் துளையை அந்த அளவுக்கு மாற்றுதல்.

பலர் தடுக்கி விழும் இடம் இங்கே ஒன்று உண்டு. 1920, 1080, 60 என்று கொடுத்தால் சிவிடி தரும் பிக்சல் வேகம் (பிக்சல்கள் கேபிளில் அனுப்பப்படும் வேகம்) 173 மெகாஹெர்ட்ஸ். ஒற்றை இணைப்பு டிவிஐயின் உச்சவரம்பு 165. ஆகவே கட்டளையெல்லாம் பிழையின்றி ஓடியும் திரை கறுப்பாகவே நிற்கும். அதே கட்டளையில் ஒரு இடைக்கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்தால், வரிகளுக்கு இடையிலான வெற்று நேரத்தைச் சுருக்கி 138.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்துவிடும். எல்சிடி மானிட்டருக்கு அந்த வெற்று நேரம் அவ்வளவு தேவையில்லை. அதனால் நான் எப்போதும் 'ஆர்' சேர்த்தே தொடங்குவேன்.

எக்ஸ்ராண்டரில் செய்த மாற்றம் கணினியை மறுபடி துவக்கினால் போய்விடும். ஒழுங்காக வேலை செய்கிறது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, உள்நுழையும்போது தானாக ஓடும் நிரல்களில் அந்த மூன்று கட்டளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலண்டில் எக்ஸ்ராண்டரின் பேச்சு எடுபடாது. அங்கே கெர்னலிடமே சொல்ல வேண்டும்: முன்பு நோமோட்செட்டை நீக்கிய அதே வரியில், 'வீடியோ' என்ற சொல், சமக்குறி, துளையின் பெயர், முக்காற்புள்ளி, அளவு, அட் குறி, ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் இடைவெளி விடாமல் எழுத வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், துளையின் பெயர் மட்டும் கெர்னல் எப்படி வைத்திருக்கிறதோ அப்படியே. அதை 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்' என்று போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு கோப்புறை இருக்கும். முன்னால் ஒட்டியிருக்கும் கார்டு எண்ணை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். இதையும் முதலில் கிரப் மெனுவின் 'இ' பக்கத்தில் ஒரு துவக்கத்துக்கு மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டே கோப்பில் எழுதுங்கள். தவறாகப் போனால் பவர் பொத்தானை அழுத்தி மறுபடி துவக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.